சாக்கடைக்கு மஞ்சள் ஊற்றிய மந்திரி

வெகு காலத்துக்கு முன்னால் தேனாற்று நாட்டை விடங்கவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் போட்ட சட்டத்தை மாலையில் மறந்துவிடுகிற ராஜா. அவன் மறக்காத சட்டம் ஒன்று இருந்தது. குடிநீர்க் குழாய் பதிப்பவரும் சாக்கடை வெட்டுபவரும் அரச முத்திரை வைத்த உரிம ஓலை பெற வேண்டும். இல்லாமல் வேலை செய்தால் நாடு கடத்தல்.

அந்தச் சட்டத்தை எழுதிக் கொடுத்தவர் மந்திரி மருதவாணர். தெரியாதவன் பள்ளம் தோண்டி, மண் சரிந்து ஆள் சாகக் கூடாதே என்று எழுதினார். ஆனால் ஓலை வழங்கும் அதிகாரம் பூவராகர் என்ற அரண்மனை அதிகாரியிடம் போனது. மந்திரியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். தன் பங்குக்குத் தகுதிகளைச் சேர்த்தார்: நூறு வெண்பா மனப்பாடம், குதிரையேற்றம், ஏழு தலைமுறைப் பெயர்கள். நாட்டிலேயே தேறியவன் ஒருவன்தான். அவருடைய மைத்துனன் நீலமேகம்.

அன்று சபையில் இருளாயி நின்றாள். இருபது வருடமாக ஊருக்குச் சுடுமண் குழாய் பதித்தவள். கிணற்றுத் தெருவில் உடைந்த குழாயை ஓலையில்லாமல் ஒட்டிவிட்டாள்.

"நூறு வெண்பா தெரியுமா?" என்றார் பூவராகர்.

"தெரியாதுங்க சாமி. குழாய்க்கும் தெரியாது."

சபை சிரித்தது. மருதவாணரால் சிரிக்க முடியவில்லை. இவளை இங்கே நிறுத்தியது நான் எழுதிய சட்டம்தானே? நல்லெண்ணம் என்று சொல்லிக்கொண்டால் போதுமா?

"நாட்டை விட்டுப் போறேன் சாமி," என்றாள் இருளாயி. "ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். புது அரண்மனையில நீலமேகம் ஐயா சாக்கடைக்கு அடியில குடிதண்ணிக் குழாயைப் போட்டிருக்காரு. மேல ஒழுகுனா எங்கே இறங்கும்?"

"பொறாமை! என் குழாயில் ஒரு சொட்டு ஒழுகாது!" என்று குதித்தான் நீலமேகம்.

"ஒரு நாழிகை பொறுங்கள் அரசே," என்றார் மந்திரி. குடம் குடமாக மஞ்சளைக் கரைத்துச் சாக்கடையின் தலைப்பில் ஊற்றச் சொன்னார்.

"சாக்கடைக்கு மஞ்சள் நீராட்டு விழாவா, மந்திரியாரே?" ராஜா விழுந்து விழுந்து சிரித்தான்.

நாழிகை முடிந்ததும் அரண்மனைக் குழாயில் வெள்ளிச் சொம்பு நிறையப் பிடித்து வந்தார்கள். தண்ணீர் மஞ்சளாக மின்னியது.

"மங்கலமான நிறம் அரசே!" என்றார் பூவராகர். "உடம்புக்கும் நல்லது!"

"அப்படியா?" என்றார் மந்திரி. "குழாய் பதித்தவர் முதல் சொம்பைக் குடித்துக் காட்டுவது இருளாயி ஆட்களின் வழக்கம். நீலமேகம், குடியுங்கள்."

"எனக்கு ஜலதோஷம்."

"ஓலை கொடுத்தவர்?"

"இன்று எனக்கு விரதம்," என்றார் பூவராகர்.

ராஜாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. "புது அரண்மனைக்கு வந்த பத்து நாளாக நான் எதைக் குடித்துக்கொண்டிருந்தேன்?"

ராஜா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினான்.

திரும்பி வந்தவன் வெளுத்த முகத்தோடு தீர்ப்புச் சொன்னான். "இருளாயி எங்கும் போக வேண்டாம். இனி ஓலை கொடுப்பவள் அவளே. மச்சானும் மைத்துனனும் அந்தக் குழாயைத் தோண்டி எடுக்கட்டும். களைப்புத் தெரியாமல் இருக்க வெண்பா சொல்லிக்கொள்ளலாம்."

இருளாயி சாக்கடையை விட்டுத் தள்ளி, மேட்டில் புதுக் குழாய் பதித்தாள். முதல் சொம்பைக் குடித்துவிட்டுக் கீழே வைக்கப் போனாள். மருதவாணர் கை நீட்டினார்.

"எதுக்கு ஐயா உங்களுக்கு?"

"சட்டம் எழுதியவனும் குடிக்க வேண்டாமா, அம்மா?"

பின்னாலிருந்து ராஜா முனகினான்: "எனக்கும் கொஞ்சம் வையுங்கள். முத்திரை என்னுடையதாயிற்றே."