மேலே இருக்கிற ஊர்

தர்மலிங்கம் சாருக்கு ஐம்பத்து நாலு வயது. இருபத்தெட்டு வருடம் பெரிய வகுப்புகளுக்குப் புவியியல் நடத்தியவர். இந்தியாவின் ஆறுகளைக் கண்ணை மூடிக்கொண்டே வரைவார். அந்தக் கரிசல்காட்டு ஊரின் நடுநிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது, ஆள் பற்றாக்குறையால் நாலாம் வகுப்பும் அவர் தலையில் விழுந்தது.

தலைமையாசிரியை பிலோமினா அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். அதிகம் பேசமாட்டார். எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு வேலை கொடுப்பார் என்று மற்ற ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள்.

ஆடி மாதத்தில் ஒருநாள், பிரேயர் முடிந்ததும் நாலாம் வகுப்பு முத்துப்பேச்சியின் அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றாள். பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்திருந்தது. அழுது வீங்கிய கண்.

“நேத்து இவகிட்ட என்ன சார் சொன்னீங்க? ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கிறா.”

“பாடம்தான் நடத்தினேன். அப்பா எங்க வேலை பார்க்கிறார்னு கேட்டேன். பூனான்னு சொன்னா. மேப்புல காட்டினேன்.”

“என்னன்னு காட்டினீங்க?”

“நம்ம ஊர் கீழ இருக்கு, அப்பா இருக்கிற ஊர் மேல இருக்குன்னு...”

சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. போன மாதம்தான் அந்தப் பிள்ளையின் தாத்தா இறந்திருந்தார். தாத்தா மேலே போய்விட்டார் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

“அவ அப்பாவுக்குப் போன் போட்டுக் குடுத்தேன் சார். பேசினா. வச்சிட்டு, ‘மேல இருந்தும் போன் பேசலாமாம்மா’ங்கிறா.”

தர்மலிங்கம் நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

“டீச்சர், நான் தப்பா எதுவும் சொல்லலை. மேப்புல வடக்கு மேலதான் இருக்கு. இந்த வயசுப் பிள்ளைக்கு அதை எப்படிப் புரியவைக்கிறது? என்னால ஆகலை. நாலாம் வகுப்பை வேற யாருக்காவது குடுத்துருங்க.”

பிலோமினா எழுந்து அவரோடு வகுப்புக்கு வந்தார்.

“மேப்பைக் கழட்டுங்க சார்.”

கழற்றினார்.

“தரையில விரிங்க. மேப்போட வடக்கு நிஜ வடக்குப் பக்கம் இருக்கட்டும்.”

அவர் சுற்றிலும் பார்த்தார். வானம் மூடிக்கிடந்தது. அந்த அறையில் நின்று வடக்கு எது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. கரும்பலகைப் பக்கம் மேப்பின் தலையை வைத்து விரித்தார்.

பிள்ளைகள் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பிலோமினா முத்துப்பேச்சியைக் கேட்டார். “வடக்குத் தெரு எந்தப் பக்கம்?”

அவள் யோசிக்கவேயில்லை. ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள்.

தர்மலிங்கம் மண்டியிட்டு மேப்பைத் திருப்பினார்.

“இங்க வந்து உட்காரு தாயி. இதுதான் நம்ம ஊர்ப் பக்கம். இந்தா, இது பூனா.”

அவள் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு ஜன்னல் வழியே பார்த்தாள். வடக்குத் தெருவின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதற்கப்பால் மக்காச்சோளக் காடு.

“தொட்டிக்கு அங்கிட்டா சார்?”

“ஆமா. ரொம்ப தூரம் அங்கிட்டு.”

“தரையிலதானா?”

“தரையிலதான்.”

“அப்ப நடந்தே போகலாமா?”

“போகலாம். ரெண்டு மாசம் ஆகும்.”

“வழியில ஓடை வந்தா?”

அவர் ஆறுகளின் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேப்பைச் சுற்றி மொத்த வகுப்பும் குனிந்துவிட்டது. எங்க அத்தை திருப்பூர்ல இருக்கு, அது எங்க சார்? நம்ம கண்மாய் இதுல ஏன் இல்லை? நம்ம ஓடை எங்க போய் முடியுது?

வாசலில் நின்ற அம்மா சத்தமில்லாமல் கிளம்பிப் போனாள். மத்தியானம் சத்துணவில் முத்துப்பேச்சி இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினாள்.

சாயங்காலம் தர்மலிங்கம் மறுபடி தலைமையாசிரியை அறைக்கு வந்தார். எதிரே உட்கார்ந்தார்.

“கங்கை எங்க போகுதுன்னு இருபத்தெட்டு வருஷம் சொல்லிக்குடுத்தேன். இந்த ஓடை எங்க போகுதுன்னு எனக்குத் தெரியலை டீச்சர்.”

பிலோமினா எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தார்.

“நாளைக்குப் பாடத்தை எங்கிருந்து ஆரம்பிக்கிறது?”

“காலையில பஸ்ஸைவிட்டு எங்க இறங்குறீங்க?”

“ஓடைப் பாலத்துல.”

“இறங்கி அங்கேயே நில்லுங்க சார். பிள்ளைங்க வந்து உங்களைக் கூட்டிட்டு வரட்டும்.”