சேறு பூசிய வாய்கள்

பாறைக்குளத்தின் கரையில் கூவாயி என்றொரு ஆள்காட்டிக் குருவி இருந்தாள். சித்திரை வெயிலில் காட்டோடைகள் எல்லாம் வற்றிவிடும். பாறைக்குளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். மானோ பன்றியோ காட்டெருமையோ, யாராக இருந்தாலும் தாகமெடுத்தால் அங்கேதான் வந்தாக வேண்டும்.

கூவாயிக்கு ஒரே ஒரு வேலை. ஆபத்து வந்தால் கத்துவது. அதையும் அவள் சும்மா கத்தமாட்டாள். புலி புதருக்குள் பதுங்கியிருந்தால், நேராக அதன் தலைக்கு மேலே போய் வட்டமடித்துக்கொண்டே கத்துவாள். எல்லோரும் அந்த வட்டத்துக்குக் கீழே பார்ப்பார்கள், ஓடிவிடுவார்கள். இரை தப்பியது போதாதென்று மானமும் போய், புலி எழுந்து நடையைக் கட்டும். கூவாயியின் அம்மாவும் அப்படித்தான் கத்தினாள். ஆள்காட்டி இனத்துக்கு வேறு விதமாகக் கத்தத் தெரியாது.

அவள் கத்தினால் அந்தக் காட்டில் மறுபேச்சு கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

ஒருநாள் வெயில் ஏறத் தொடங்கும் நேரம். மருதி என்ற புள்ளிமான் தன் குட்டியோடு தயங்கித் தயங்கிக் கரைக்கு வந்தாள். அவளுடைய மந்தை இன்னும் வரவில்லை. யாரும் பார்க்கக்கூடாது என்றுதான் முன்னால் வந்திருந்தாள். குட்டியின் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகிக்கொண்டிருந்தது. மருதி தன் மூக்கால் அதன் உதட்டை விலக்கிக் காட்டினாள். நாக்கு முழுக்கப் புண்.

கூவாயிக்கு அந்தப் புண் புதிதல்ல. போன வருஷம் மலைக்கு அந்தப் பக்கம் பறந்து போனபோது இதே புண்ணைப் பார்த்திருந்தாள். ஒரு மான் வாய் வைத்த தண்ணீரில் இன்னொரு மான் வாய் வைத்து, பாதி மந்தை செத்துக் கிடந்தது.

"நாலு இடம் பறந்து பார்த்தவங்க நீங்க. அதான் அக்கா, உங்ககிட்ட காட்டுறேன்" என்றாள் மருதி. "இவனை மூங்கில் புதருக்குள்ளயே வச்சிப் பாத்துக்கிறேன். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. மந்தையை விட்டுத் துரத்திட்டா, செந்நாய் எங்களை விடாது."

"பயப்படாத மருதி. நான் சொல்லமாட்டேன்" என்றாள் கூவாயி. மனசாரத்தான் சொன்னாள்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே குட்டி நழுவிவிட்டது. காய்ச்சலில் தவித்த பிள்ளை, தண்ணீரைக் கண்டால் நிற்குமா? குளத்தில் முகத்தை முக்கி மடக் மடக்கென்று குடிக்க ஆரம்பித்தது. அதே நேரத்தில் எதிர்க்கரைச் சரிவில் மான் மந்தை இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் பன்றிகள், குட்டிகளோடு. அவற்றுக்கும் பின்னால் காட்டெருமைகள்.

சும்மா இருந்தால் காடே நோயில் விழும். கத்தினால் கொடுத்த வாக்கு போகும். குட்டியைச் சீக்கிரம் அழைத்துப் போகச் சொல்லியிருக்கலாம். மந்தையின் முன்னால் போய் நின்று, இந்தப் பக்கத்துத் தண்ணீர் வேண்டாம், மேல்கரைக்குப் போங்கள் என்று பொதுவாகச் சொல்லியிருக்கலாம். யார் பெயரும் வெளியே வந்திருக்காது. வழி இருந்தது. ஆனால் யோசிப்பதற்கு முன்பே இறக்கை பழக்கத்தில் எழும்பிவிட்டது. கூவாயி நேராகக் குட்டியின் தலைக்கு மேலே போய், வட்டமடித்துக் கத்தினாள்.

மந்தை அப்படியே நின்றது. எல்லோரும் வட்டத்துக்குக் கீழே பார்த்தார்கள். புலி இல்லை. வாயில் எச்சில் வழிய ஒரு மான்குட்டி நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு தொத்து நோய் என்று விளங்கிவிட்டது.

புலியைக் கண்டால் ஓடுகிறவர்கள், அந்தக் குட்டியைக் கண்டதும் பாய்ந்தார்கள். கலைமான்கள் கொம்பைத் தாழ்த்தின. பன்றிகள் உறுமிக்கொண்டு வந்தன. தண்ணீரைத்தான் குடிக்கவேண்டாம் என்கிறேன், குட்டியை விடுங்கள் என்று கூவாயி தொண்டை கிழியக் கத்தினாள். யார் கேட்டார்கள்? வட்டம் குட்டிக்கு மேலே அல்லவா இருந்தது! மருதி குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு புல்வெளிப் பக்கம் ஓடினாள்.

பொழுது சாய்வதற்குள் அவள் திரும்பி வந்தாள். தனியாக வந்தாள்.

அவள் விலாவில் செந்நாயின் பல் கிழித்த கோடு இருந்தது. கொஞ்ச தூரத்திலேயே நின்று கூவாயியைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட மட்டும்தானே அக்கா காட்டினேன்" என்றாள்.

அவ்வளவுதான். பாறைக்குப் பின்னால் ஊற்று கசிகிற இடுக்குக்குப் போய்விட்டாள். மந்தை அவளைக் கூப்பிடவில்லை. தான் செய்தது என்ன என்று அப்போதுதான் கூவாயிக்கு உறைத்தது.

காட்டெருமைகளின் தலைவர் கரியன் எல்லோரையும் கூட்டி, கூவாயியை வாயாரப் புகழ்ந்தார். அவள் மட்டும் இல்லையென்றால் இந்நேரம் காடே காலியாகியிருக்கும் என்றார். இனிமேல் வாயில் புண் உள்ள யாரும் குளத்துப் பக்கம் வரக்கூடாது, வந்தால் புல்வெளிக்குத் துரத்தவேண்டியது என்று உத்தரவும் போட்டார். தண்ணீர் குடிக்க வருகிறவர்களைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பு கூவாயிக்கு. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். புகழ்ச்சிச் சத்தத்தில் அது எடுபடவில்லை. ஒரு குட்டி போனாலும் காடு தப்பித்ததே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். ஆனாலும் அன்று அவளுக்கு இரை இறங்கவில்லை.

அதன்பிறகு யாரும் புண்ணோடு வரவில்லை. கூவாயி ஒவ்வொருவரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. நோய் தொலைந்தது என்று நிம்மதியாக மூச்சு விட்டாள்.

ஒரே ஒரு விஷயம்தான் புதிதாக இருந்தது. எல்லோர் வாயிலும் சேறு. பன்றி சேற்றில் புரள்வது அதன் பிறவிக்குணம். மானுக்கு அந்தப் பழக்கம் கிடையாதே? ஒரு கலைமானைக் கேட்டாள். ஈத்தொல்லை தாங்கவில்லை, சேறு பூசினால் ஈ மொய்க்காது என்றது. காட்டெருமைகளும் அதையே சொல்லின. இந்த வருஷம் ஈ அதிகம்தான் போலிருக்கிறது என்று கூவாயியும் நம்பிவிட்டாள். நம்புவது சுலபமாக இருந்தது.

பிறகு ஒரு காலையில், கரையோரம் ஒரு சருகுமான் தலையைத் தண்ணீரில் போட்டபடி கிடந்தது. காட்டிலேயே சின்ன மான் அது. யார் வம்புக்கும் போகாதது. தூங்குகிறதோ என்று கூவாயி பக்கத்தில் போய்ப் பார்த்தாள். உயிர் இல்லை. அலை வந்து வந்து அதன் வாயிலிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தது. சேறு கரையக் கரைய, உள்ளே புண்.

கூவாயி மெல்லத் தலையைத் திருப்பிக் குளத்தைச் சுற்றிப் பார்த்தாள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மான்களின் வாயில் சேறு. பன்றிகளின் வாயில் சேறு. பால்குடி மறக்காத குட்டிகளின் வாயிலும் சேறு. தாய்மாரே பூசி அனுப்பியிருந்தார்கள்.

நோய் எங்கேயும் போகவில்லை. இத்தனை நாளும் அவள் கண்ணெதிரே வரிசையாக வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறது!

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. கரியன் முன்னால் வந்து, உத்தரவை மீறியவர் கதி இதுதான் என்று கனைத்தார். கூவாயி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பெரியவரே, உங்க வாயிலயும் சேறு இருக்கு" என்றாள்.

"ஈ கடிக்குது."

"ஒரு தடவை தண்ணில முக்கி எடுங்க."

கரியன் அசையவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு நடுங்கியதை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். கடைசியில் அவர் முகத்தைத் தண்ணீரில் தாழ்த்தி எடுத்தார். உதடெல்லாம் வெந்து கிடந்தது.

"நான் போட்ட உத்தரவு எனக்குத் தெரியாதா?" என்றார் தணிந்த குரலில். "இந்த வயசுல புல்வெளியில தனியா நின்னா, செந்நாய்க்கு நானும் அந்தக் குட்டியும் ஒண்ணுதானம்மா."

கூட்டம் பின்வாங்கியது. யாரும் கரியனைப் பார்க்கவில்லை, எல்லோரும் கூவாயியைத்தான் பார்த்தார்கள். இப்போது அவர் தலைக்கு மேலே வட்டமடிப்பாளா?

கூவாயி பறக்கவில்லை. தரையில் நடந்து போய்க் கரியனின் காலடியில் நின்றாள். இனி நோயாளி யார் தலைக்கு மேலும் வட்டமடிக்கமாட்டேன், எல்லோரும் வாயைக் கழுவிக் காட்டுங்கள் என்று கெஞ்சினாள்.

ஒருவரும் அசையவில்லை. ஏன் அசையவேண்டும்? அவள் முன்பும் ஒரு வாக்குக் கொடுத்தவள்தானே.

அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து மருதி வந்தாள். இளைத்துப்போயிருந்தாள். அவள் கூவாயியிடம் பேசவில்லை. கூட்டத்தைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"கழுவிக் காட்டினா ஒதுங்கி இருக்கச் சொல்லுவீங்க. இருக்கவேண்டியதுதான், இல்லேன்னா எல்லாரும் சாவோம். ஆனா ஒதுங்கி இருக்கிறவங்களுக்குத் தண்ணி எங்க? தழை யார் கொண்டுவந்து போடுவா? செந்நாய் வந்தா யார் நிப்பா? அன்னிக்கு எங்ககூட ஒரே ஒரு கொம்பு வந்திருந்தா, என் புள்ள போயிருக்காது."

கலைமான்கள் தலை குனிந்தன. துரத்துவதைப் பற்றிப் பேசியவர்கள், துரத்தப்பட்டவர் அதன்பிறகு எப்படிப் பிழைப்பார் என்று பேசவே இல்லை.

அன்று பேசினார்கள். நோயாளிகளுக்குப் பாறை நிழலும் ஊற்றுத் தண்ணீரும் என்று முடிவாயிற்று. குளம் தெளிகிறவரை, நல்ல உடம்புக்காரர்கள் கொம்பாலும் கொம்பில்லாதவர்கள் குளம்பாலும் ஓடை மணலைத் தோண்டி ஊறுகிற தண்ணீரைக் குடிப்பது. மந்திகள் மரத்திலிருந்து தழை ஒடித்துப் போடுவது. கொம்புள்ள மான்கள் முறைவைத்து எட்ட நின்று காவல் காப்பது. கூவாயி பாறை மேலேயே இருந்து செந்நாய்க்குக் கத்துவது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, முதல் ஆளாகக் கரியனே பாறைப் பக்கம் நடந்தார்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராகக் குளத்தில் வாயை முக்கினார்கள். தண்ணீர் கலங்கிச் சிவந்தது. பாதிக்கு மேல் புண்வாய்! கூவாயிக்கு அழுகை வந்துவிட்டது.

சிலர் பிழைக்கவில்லை. சருகுமானைப் போல நோய் முற்றும்வரை மறைத்தவர்கள் அவர்கள். ஆனால் பலர் தேறினார்கள். மழை இறங்குவதற்குள் கரியன்கூட எழுந்து புல் மேய்ந்தார். நோயாளிகளுக்கு நடுவே பயமில்லாமல் புழங்கியவள் மருதிதான். நடக்க முடியாதவர்களை முட்டி எழுப்பி ஊற்றுக்கு அழைத்துப் போனாள், தழையை அவர்கள் வாய்க்கே நகர்த்தி வைத்தாள்.

கூவாயிக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் பாறையிலிருந்து இறங்கி வந்து, "மருதி, உனக்கும் தொத்திக்கப் போகுது. கொஞ்சம் விலகி இரும்மா" என்றாள்.

மருதி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து காட்டினாள். நாக்கெல்லாம் ஆறிப்போன தழும்பு.

"எனக்கும் அப்பவே வந்துச்சு அக்கா. அவனை நக்கிக் குடுத்தேன்ல" என்றாள். "இந்த நிழல்ல, இந்தத் தண்ணியக் குடிச்சிக்கிட்டுத்தான் கிடந்தேன். தானா ஆறிடுச்சு."

சொல்லிவிட்டு, ஊற்றுக்குப் போக முடியாமல் விழுந்துகிடந்த ஒரு பன்றிக்குட்டியைப் பார்க்கப் போய்விட்டாள். இந்த நிழலும் இந்தத் தண்ணீரும் கிடைத்திருந்தால் அந்தக் குட்டியும் பிழைத்திருக்கும் என்பதை கூவாயிக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஊர் பிழைக்க ஒருவரை ஒதுக்கி வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், அந்த ஒருவர் பிழைக்க வழி செய்துவிட்டுத்தான் ஒதுக்க வேண்டும். இல்லையேல் நோய் ஒளிந்துகொண்டு ஊரையே பிடிக்கும்.