காதர் மைதீன் என்ற கப்பல்

ஜெர்மனியில இருந்து வந்தவரு பேரு வீமான். மடத்துச் சமையக்காரர் கோதண்டம் அதை வீமன்னு ஆக்கிட்டாரு. "ஆளும் அப்படித்தான இருக்காரு"ன்னு சாப்பாட்டுல ஒரு கரண்டி கூடவே போடுவாரு.

ரெண்டாம் உலக யுத்தத்துல வீமான் நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கேப்டன். இப்ப அறுபது தாண்டியாச்சு. அடுக்களையில ஒரு பாத்திரம் கீழ விழுந்தாப் போதும், தலைக்கு மேல எதிரிக் கப்பல் வந்துடுச்சோன்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டு மேல பாப்பாரு. கோதண்டமும் பல்லியோன்னு கூடவே பாப்பாரு.

தமிழை இலக்கணப் புத்தகம் வச்சுக் கத்துக்கிட்ட மனுஷன். "கோதண்டம் அவர்களே, இன்று ரசம் மிகவும் காரமாக உள்ளது" அப்படிம்பாரு. ரேடியோவுல செய்தி வாசிக்கற மாதிரியே இருக்கும்.

நாகூருக்குப் பக்கத்துல, கடலோரமா இருந்த அந்தச் சின்ன மடத்துக்குக் குரு சங்கரவடிவம்மா. வீமானை விட இருபது வயசு சின்னவங்க. தீட்சை கொடுத்தா புதுப் பேரும் கொடுப்பாங்க. அதுக்கப்புறம் பழைய பேரை யாரும் கூப்பிடக் கூடாது, அவரும் சொல்லக் கூடாது. மடத்து வழக்கம் அது. வீமான் அதுக்குத்தான் வருஷக் கணக்கா காத்துட்டிருந்தாரு.

சாயங்காலம் தீட்சைன்னு குறிச்ச அன்னைக்குக் காலையில, காய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவரு வெறும் பையோட வந்து அம்மா முன்னாடி உக்காந்தாரு.

"காய் எங்க கப்பல்காரரே?"

"வாங்கவில்லை அம்மா. கடைத்தெருவில் ஒருவர் 'காதர் மைதீன் நானா' என்று அழைத்தார். பூசணிக்காய் விற்றவர் திரும்பிப் பார்த்தார்."

"கூப்பிட்டா திரும்பத்தான செய்வாரு?"

"அம்மா, அது ஒரு கப்பலின் பெயர். நான் மூழ்கடித்த கப்பல்."

அம்மா அவரு பக்கம் திரும்பி உக்காந்தாங்க. அவரே சொன்னாரு.

"கப்பலை அடித்தபின் மேலே வருவோம். தப்பியவர்களின் படகருகே போய்க் கேட்போம். கப்பலின் பெயர் என்ன, எத்தனை டன். டன் கணக்கில்தான் எங்களுக்கு மதிப்பு. சேரச் சேர, கழுத்தில் பதக்கம் தொங்கும். அதற்கு ஏங்குகிறவனைத் தொண்டை வலிக்காரன் என்று கேலி செய்வோம். எனக்குக் கடுமையான தொண்டை வலி."

"டன்னு சரி. எத்தனை ஆளுன்னு?"

"அதை யாரும் கேட்பதில்லை அம்மா."

"அன்னைக்கு என்ன கேட்டீங்க?"

"படகில் உங்கள் நாட்டு மாலுமிகள் இருந்தார்கள். நான் ஆங்கிலத்தில் 'நேம்? நேம்?' என்று கத்தினேன். ஒருவர் எழுந்து நின்றார். காதர் மைதீன் என்றார். டன்னை நானே உத்தேசமாகப் போட்டு, அப்படியே தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினேன்."

வாசல்ல நின்னு கேட்டுட்டிருந்த கோதண்டத்துக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அம்மா திரும்பிப் பாத்தாங்க. அடக்கிக்கிட்டாரு.

"அங்க என்ன சொன்னாங்க?"

"உலகத்தில் அப்படியொரு கப்பலே இல்லை என்றார்கள். பதக்கத்துக்காகப் பொய் சொல்கிறான் என்று நினைத்தார்கள். என்னைக் கரைக்கு மாற்றிப் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தச் சொன்னார்கள். அடுத்த பயணம் என் கப்பல் வேறொரு கேப்டனோடு போனது."

வெறும் பையை மடிச்சு மடியில வச்சுக்கிட்டாரு.

"திரும்பவில்லை. என் மாலுமிப் பையன்கள் அம்மா. ஒருவன்கூட."

கோதண்டத்துக்கு இப்ப சிரிப்பு வரல.

"இத்தனை காலமும் அந்த ஆளைத் திட்டினேன். பொய்ப் பெயர் சொல்லி என் வாழ்க்கையைக் கெடுத்தான் என்று. அவர் பொய் சொல்லவில்லை."

"இல்ல. நேம்னு கேட்டீங்க. தன் பேரைச் சொன்னாரு."

"ஆமாம்."

"படகுல இருந்தவங்களுக்கு எதுவும் கொடுத்தீங்களா?"

"தண்ணீர். ரொட்டி. கரை எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினேன். கரை மிகவும் தூரம்."

வெளியில மீன்காரங்க ஏதோ சத்தம் போட்டுக்கிட்டுப் போனாங்க. 

"அம்மா, இப்போதே எனக்குப் பெயரை மாற்றிவிடுங்கள். சாயங்காலம் வரைகூட வேண்டாம். இந்த வீமானோடு இனி என்னால் இருக்க முடியாது."

"பேரைச் சொன்னதுக்கு அப்புறம் அந்தப் படகுக்காரரு ஏதாவது கேட்டாரா?"

வீமான் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"கேட்டார்."

"என்னன்னு?"

"யுவர் நேம், சார்?"

அதைச் சொன்னப்ப அவரு குரல்ல ரேடியோ இல்ல. நாகூர்க்காரரு ஒருத்தரு, நனைஞ்ச சட்டையோட, மரியாதையா கேக்கற மாதிரி இருந்துச்சு.

"நீங்க சொன்னீங்களா?"

"கேப்டன் பெயரைச் சொல்லக் கூடாது அம்மா. எதிரிக்குத் தெரிந்துவிடும். கப்பலின் மேல்மூடியைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்."

"அப்ப அவரு கேட்டதுக்கு இன்னும் பதில் போகல. மொதல்ல அவருக்கிட்ட உங்க பேரைச் சொல்லிட்டு வாங்க. மாத்துறதப் பத்தி அப்புறம் பாக்கலாம்."

"எங்கே போய்ச் சொல்வேன்? அவர் கரை சேர்ந்தாரா இல்லையா, அதுவே எனக்குத் தெரியாதே."

"நீங்க கேட்டப்ப, கரை சேருவோமான்னு தெரிஞ்சுக்கிட்டா அவரு தன் பேரைச் சொன்னாரு?"