அடியிலும் வாய் வைத்த சாக்கு

வெகு காலத்துக்கு முன்னே மருதங்காட்டை வச்சிரபாகு என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு சட்டம் போட்டு மாலையில் அதை மறந்துவிடுகிற மனிதர். ஆனாலும் உருப்படியாக ஒன்று போட்டிருந்தார். அதுவரை யாருக்கும் தோன்றாத பொருளைச் செய்தவருக்குச் செப்புப் பட்டயம் உண்டு. அவர் மட்டுமே அதைச் செய்து விற்கலாம். பழசைப் புதுசென்று கொண்டுவந்தவர் ஊரைவிட்டே போக வேண்டும்.

ஒருநாள் சாக்குத் தைக்கும் பொன்னுருவி சபைக்கு வந்தாள். அவள் கொண்டுவந்த நெல் சாக்குக்கு மேலே ஒரு வாய், அடியில் சுருக்குக் கயிறு போட்ட இன்னொரு வாய். புது நெல்லை மேலே கொட்டலாம், பழைய நெல்லைக் கீழே அவிழ்த்து எடுக்கலாம். அடிநெல் தங்கி மக்காது.

சபையே அசந்துபோனது. களஞ்சியத் தலைவர் தாண்டவநாதருக்கு மட்டும் வயிறு எரிந்தது.

“மகாராஜா! சாக்கு பழசு, வாய் பழசு, கயிறும் பழசு. இதையெல்லாம் சேர்த்துத் தைக்க மூளை வேண்டுமா? எந்த முட்டாளுக்கும் தோன்றுமே!”

“அதானே! பார்த்தாலே தெரிகிறது” என்று ராஜா தலையாட்டினார். உடனே சபையிலிருந்த அத்தனை தலையும் ஆடியது.

பொன்னுருவிக்குக் கண் கலங்கிவிட்டது. “சாமி, எத்தனை சாக்கைக் கிழிச்சுக் கிழிச்சுத் தைச்சேன் தெரியுமா? ஊரைவிட்டு எங்கே போவேன்?”

மந்திரி சூடாமணி எழுந்தார். “தாண்டவநாதரே, உமக்கும் இது முன்பே தோன்றியதோ?”

“எனக்கா? பதவிக்கு வந்த அன்றே தோன்றியது!”

“சபையோர் சாட்சி” என்ற மந்திரி, ஆளனுப்பிக் களஞ்சியத்திலிருந்து ஒரு பழைய சாக்கைத் தருவித்துக் கவிழ்த்தார். அடியிலிருந்து கறுத்துக் கட்டிபட்ட நெல் விழுந்தது. ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“வருஷா வருஷம் அடிநெல் மக்குகிறது, தடுக்க வழியே இல்லை என்பீரே! வழி தெரிந்தே அரண்மனை நெல்லை மக்கவிட்டீரென்றால் உமக்குச் சிறை. தெரியாதென்றால் இவளுக்குப் பட்டயம். எது, சொல்லும்!” என்றார் மந்திரி.

தாண்டவநாதர் முணுமுணுத்தார். “தோன்ற... வில்லை.”

“சத்தமாக!” என்றார் ராஜா.

“எனக்குத் தோன்றவே இல்லை, மகாராஜா!”

பட்டயம் பொன்னுருவிக்குக் கிடைத்தது. மக்கின நெல் முழுவதும் தாண்டவநாதர் வீட்டுச் சமையலறைக்குப் போனது.

மந்திரிக்குப் பரிசு தர முத்துமாலையில் கைவைத்த ராஜா, சட்டென்று நிறுத்தினார். “ஆமாம், நீர் கேட்டது அப்படியென்ன பெரிய கேள்வி? கேட்டதுமே எனக்கும் தோன்றிவிட்டதே!”

மந்திரி கும்பிட்டார். “உண்மைதான் மகாராஜா. நான் கேட்ட பிறகுதான் தோன்றியது.”

ராஜா மாலையைக் கழற்றிக் கொடுத்தார்.