சுவரில் பூத்த உப்பு

“மூணு தடவை பெயின்ட் அடிச்சாச்சு, மூணு தடவையும் உரியுது. கடல் காத்துக்கு என் வீடுதான் கிடைச்சுதா?”

காலையிலிருந்து வனஜா இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுச் சலித்த பெயின்டர் பிரஷ்ஷைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து வந்து மாட்டிக்கொண்டார் வனஜாவின் ஆன்மிக குரு. வனஜாவைவிடப் பத்து வயது இளையவர் அந்த அம்மா.

பொங்கலுக்கு மகனும் மருமகள் பூங்கோதையும் வருவதாகப் பேச்சு. இரண்டு வருஷமாக மருமகள் இந்த வாசலை மிதிக்கவில்லை. அதனால் ஹாலுக்கு அவளுக்குப் பிடித்த பச்சை. வெளிச்சுவருக்குக் கடல் காற்றைத் தாங்கும் உசத்தி பெயின்ட். எதையும் விடவில்லை என்று வனஜா ஷேடு கார்டை விரித்தாள். புடவைக் கடையில்கூட அத்தனை பச்சை இருக்காது.

குரு அதைப் பார்க்கவில்லை. உரிந்த சுவரிடம் போனார். குனிந்து, நாக்கை நீட்டி நக்கினார்.

வனஜாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. தான் காலில் விழுந்து கும்பிடுகிற குரு மாடு மாதிரி சுவரை நக்கினால் யாருக்குத்தான் நிற்காது?

“உப்பு. கழுவிட்டு அடிச்சீங்களா?”

கழுவினால் காய நாளாகும், பொங்கல் வந்துவிடும், மேலே இன்னொரு கோட் அடித்தால் அடங்கிவிடும் என்று நினைத்ததாக வனஜா சொன்னாள்.

“மருமக கிட்ட கடைசியா என்ன சொன்னீங்க?”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா?”

குரு உரிந்த பெயின்டை நகத்தால் சுரண்டினார்.

வனஜா கார்டை மடித்தாள். இரண்டு வருஷம் முன்பு ஒரு நாள் சண்டை. மறுநாள் பூங்கோதை சாப்பிட உட்கார்ந்தாள். “உப்புப் போட்டுத்தான் சாப்பிடுறியான்னு கேட்டேன். எந்திரிச்சுக் கையைக் கழுவிட்டுப் போயிட்டா.”

குரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வந்து, நேற்று அடித்த சுவரில் அப்படியே வீசினார். பெயின்ட் பட்டை பட்டையாக விழுந்தது.

“பொங்கலுக்கு என்னம்மா செய்வேன்?”

“கழுவுங்க. அப்புறம் பொங்கல் வந்தா வரட்டும்.”

வாளியை வைத்துவிட்டு குரு போய்விட்டார்.

ரொம்ப நேரம் கழித்து வனஜா போனை எடுத்தாள். மறுமுனையில் ‘சொல்லுங்க’ என்றதோடு சரி.

“பூங்கோதை, அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நீ பொங்கலுக்கு வரலைன்னாலும் பரவாயில்லை. ஒரு வார்த்தை பேசும்மா.”

பதில் இல்லை. பூங்கோதை போனையும் வைக்கவில்லை.