கயிறு பிடிச்ச சன்னாசி

ஒரு ஊர்ல ஒரு கிணறு வெட்டுற கூட்டம் இருந்துச்சு. பெருங்கூட்டம் இல்ல கண்ணு, அஞ்சே பேரு. தலைவன் பேரு சன்னாசி. அவனுக்கு அடுத்தவன் ஒச்சன். ஒச்சன் பொண்டாட்டி செவத்தி. அப்புறம் சுடலைன்னு ஒருத்தன், அவன் தம்பி ஒருத்தன். ம் கொட்டு. கொட்டாட்டி நீ தூங்கிட்டேன்னு நான் நிறுத்திருவேன்.

ம்.

அது கரிசக்காடு. மழையே எட்டிப் பார்க்காத சீமை. எந்த ஊர்ல தண்ணி இல்லையோ அந்த ஊர்க்காரங்க வந்து இவங்களைக் கூப்பிடுவாங்க. இவங்களும் கடப்பாறை, மண்வெட்டி, கூடை எல்லாத்தையும் வண்டியில போட்டுக்கிட்டு, கடகட கடகடன்னு போயி இறங்குவாங்க. ஒச்சன் குழிக்குள்ள இறங்கி ணங் ணங்னு வெட்டுவான். சுடலையும் தம்பியும் கூடவே மண்ணை அள்ளிக் கூடையில போடுவாங்க. மேல உருளை கிரீச் கிரீச்னு சுத்தும், கூடை மேல வரும், செவத்தி அதை வாங்கித் தலையில வச்சுக் கொண்டுபோயி கொட்டுவா.

அப்போ சன்னாசி என்ன செய்வான்? அவன் கிணத்து வாயில நின்னு கயிறு பிடிப்பான். கூடை ஏறுறதும் அந்தக் கயித்துலதான், ஆளு ஏறி இறங்குறதும் அதுலதான். காலை நல்லா ஊணி, கயித்தை இடுப்பைச் சுத்தி விட்டு, கண்ணைக் குழியை விட்டு எடுக்காம நிப்பான். உள்ள பக்கத்து மண்ணு லேசா உதிர்ந்தாக்கூட அவனுக்குத் தெரிஞ்சிரும். "ஏறுங்கடா"ம்பான். ஒருத்தன் ஏன்னு கேட்க மாட்டான். எல்லாரும் ஏறிருவாங்க.

அப்புறம் ஒரு ஊருக்குப் போனாங்க. ரொம்ப நாளு வெட்டி, பாறையை உடைச்சு, ஒரு நாள் மத்தியானம் குபுகுபுன்னு தண்ணி வந்துருச்சு. ஒச்சன் உடம்பெல்லாம் சேறா, தலையில தண்ணி சொட்டச் சொட்ட மேல வந்தான். அவனைப் பார்த்ததும் ஊரே ஓடியாந்து அவன் கழுத்துல மாலையைப் போட்டுச்சு. தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு, டும் டும்னு மேளம் அடிச்சு ஊரைச் சுத்தி வந்தாங்க. சன்னாசி கயித்தைச் சுருட்டி வண்டியில வச்சான். உள்ளங்கை தோலு உரிஞ்சு எரிஞ்சுச்சு. அவனுக்கும் சந்தோஷந்தான். ஆனா நெஞ்சுல ஒரு ஓரத்துல சுருக்குன்னுச்சு.

ரெண்டாவது ஊர்லயும் அதே கதைதான். ஒச்சனுக்கு மாலை, ஒச்சனுக்கு மேளம். வந்த சனத்துல ஒரு அம்மா எல்லாருக்கும் மோர் ஊத்திக் குடுத்துச்சு. சன்னாசிகிட்ட வந்ததும், "நீங்க சும்மா மேல நின்னு கயிறு பிடிக்கிறவரா?"ன்னு கேட்டுச்சு. தப்பா நினைச்சுக் கேட்கல. ஆனா அந்தச் 'சும்மா' இருக்கு பாரு, அது சன்னாசிக்குத் தொண்டையிலயே நின்னுருச்சு. மோரு இறங்கல.

ம்.

அப்புறம் மூணாவது ஊரு. அங்க வெட்ட வெட்ட வெறும் சரளை மண்ணு. கைய வச்சாப் பொலபொலன்னு கொட்டுற மண்ணு. ஆனாலும் ஆழம் போகப் போக ஈரம் தட்டிருச்சு. இன்னைக்குத் தண்ணி வந்துரும்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. ஊர்ச்சனம் மாலையோட வந்து சுத்தி நின்னுருச்சு. அப்போ சன்னாசி குழிக்குள்ள குனிஞ்சு, எல்லாரையும் மேல வரச் சொன்னான். வந்ததும் ஒச்சன்கிட்ட, இன்னைக்கு நான் இறங்குறேன், நீ மேல நில்லுன்னான்.

ஒச்சன் முழிச்சான். எனக்கு மேல நின்னு பழக்கமில்லையே அண்ணேன்னான்.

"கயிறு பிடிக்கிறது என்னடா பெரிய வேலை"ன்னு சொல்லிட்டு சன்னாசி இறங்கிட்டான்.

அந்தச் சொல்லை அவன்தான் சொன்னான் கண்ணு. இத்தனை வருஷம் அவனே பார்த்த வேலையை, அவனே அப்படிச் சொன்னான்.

கீழ போயி ணங் ணங்னு வெட்டுறான். மண்ணு சதசதன்னு வருது. மேலருந்து ஒச்சன், அண்ணே, பக்கத்து மண்ணு உதிருது, ஏறி வாங்கன்னான். இவன், இருடான்னான். கொஞ்ச நேரங்கழிச்சு ஒச்சன் மறுபடியும் கூப்பிட்டான். இன்னும் ஒரு சாண்தான்டா, இருன்னான். மூணாவது தடவை ஒச்சன் கத்தியே கூப்பிட்டான். அப்போ சன்னாசி காதுலயே வாங்கல. ஏன்னா அவன் கடப்பாறை முனையில தண்ணி கண்ணு திறந்துருச்சு. குபுகுபு குபுகுபுன்னு பொங்குது. அவன் ரெண்டு கையாலயும் அள்ளி மூஞ்சியில அடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான்.

அந்த நேரம், சரசரசர... தொபுக்குனு ஒரு பக்கத்து மண்ணு மொத்தமா சரிஞ்சுருச்சு.

செத்துட்டானா?

இல்ல கண்ணு, சாகல. இறங்குறப்போ சன்னாசி கயித்தை இடுப்புல கட்டியிருந்தான், மேல ஒச்சன் விடல. ஆனா ஒச்சனுக்குக் கயித்தை இடுப்பைச் சுத்தி விடத் தெரியாது. பயத்துல வலது கையில சுருட்டிச் சுருட்டிப் பிடிச்சிருந்தான். மண்ணு விழுந்த வேகத்துக்குக் கயிறு வெடுக்குனு இழுக்க, அவன் கை உருளைக்கும் கயித்துக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. விட்டிருந்தா கை பிழைச்சிருக்கும். அவன் விடல. செவத்தியும் சுடலையும் ஓடியாந்து கயித்தைப் பிடிக்கிற வரைக்கும், பல்லைக் கடிச்சுக்கிட்டு அப்படியே நின்னான்.

சன்னாசி மேல வந்தான். உடம்பெல்லாம் சேறு, தலையெல்லாம் தண்ணி. ஊர்க்காரங்க உடனே மாலையைப் போட்டாங்க. பட்டுத்துண்டு போர்த்துனாங்க. தோள்ல தூக்குனாங்க. டும் டும் டும்.

அவன் பார்த்தான் கண்ணு. வேப்பமரத்தடியில ஒச்சன் உட்கார்ந்திருக்கிறதையும், செவத்தி தன் சேலையைக் கிழிச்சு அவன் கையில சுத்துறதையும் தோள் மேலருந்து பார்த்தான். இறக்கி விடுங்கய்யான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இறக்கி விட்டிருப்பாங்க. ஒரு தெரு மட்டும் போயிட்டு வந்துருவோம்னு நினைச்சான். ஒரு தெரு ரெண்டு தெருவாச்சு. ஊரைச் சுத்திட்டுத் திரும்பி வந்தப்போ மரத்தடியில யாரும் இல்ல. ஒச்சனை வண்டியில படுக்க வச்சு அவங்க ஊருக்குக் கொண்டு போயிட்டாங்க. சுடலையும் தம்பியும் கூடப் போயிட்டாங்க. அங்க கயிறு ஒண்ணுதான் கிடந்துச்சு.

அப்புறம் சன்னாசி தனியாளா வேலைக்குப் போய்ப் பார்த்தான். ஆனா தனியாளா எப்படிக் கிணறு வெட்டுறது? புதுசா ஆளு சேர்த்தான். குழிக்குள்ள நின்னு மேல பார்ப்பான். மேல எவனோ ஒருத்தன் வெத்தலை போட்டுக்கிட்டு யார்கிட்டயோ பேசிக்கிட்டு இருப்பான். சன்னாசி கடப்பாறையைப் போட்டுட்டு ஏறி வந்துருவான். என்னை நம்பி இத்தனை வருஷம் ஒச்சன் எப்படிக் குனிஞ்ச தலை நிமிராம வெட்டுனான்னு நினைச்சு நினைச்சு அழுவான்.

ம்... அப்புறம்?

அப்புறம் ஒச்சனைப் பார்க்கப் போனான். முதத் தடவை அந்தப் பட்டுத்துண்டைக் கொண்டுபோனான். ஒச்சன் அதைத் தொடல. அது உங்களுக்குக் குடுத்ததுல்ல அண்ணே, நீங்களே வச்சுக்கங்கன்னான். கோவமாச் சொல்லல. வலது கையைத் துணிக்குள்ள மறைச்சு வச்சிருந்தான். ரெண்டாவது தடவை கஞ்சிக்கு ஒரு மூட்டை கம்பைத் தூக்கிட்டுப் போனான். வீட்டுல அடுப்பு எரியல, அதனால செவத்தி வாங்கி உள்ள வச்சா. ஆனா உட்காருங்கன்னு சொல்லல.

மூணாவது தடவை வெறுங்கையோட போனான். வாசல்ல நின்னான். என்ன பேசுறதுன்னு தெரியாம, உனக்கு நான் என்ன செய்யணும்டான்னு கேட்டான்.

ஒச்சன், எனக்குன்னு ஒண்ணும் வேணாம் அண்ணே, கை இனிமே வராதுன்னான். செவத்தி குழிக்குள்ள இறங்கி வெட்டுறேங்கிறா, சுடலையும் தம்பியும் வேலை இல்லாம கிடக்காங்க, மேல நிக்கத்தான் ஆளு இல்ல, நீங்க வந்து நில்லுங்கன்னான்.

சன்னாசிக்கு நம்பவே முடியல. "என்னை நம்பி உன் பொண்டாட்டியைக் கிணத்துல இறக்குவியா?"

"நீங்க கயிறு பிடிச்ச வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆனதில்லையே அண்ணே."

அதைக் கேட்டுட்டு சன்னாசி அப்படியே வாசல்லயே உட்கார்ந்துட்டான். அவன் திட்டியிருந்தாக்கூட இம்புட்டு வலிச்சிருக்காது.

அப்புறம் பழையபடி வண்டி கிளம்புச்சு, கடகட கடகடன்னு. செவத்தி வெட்டுனா. முதல்ல ஊர்க்காரங்க, பொம்பளை கிணறு வெட்டுறதான்னு சிரிச்சாங்க. சன்னாசி, அந்தப் புள்ள வெட்டும், நான் நிக்கிறேன்னான். அவளுக்குப் பயம் வர்ற அன்னைக்கு இறங்கச் சொல்ல மாட்டான். சுடலைக்குக் காய்ச்சல்னா எல்லாருக்குமே அன்னைக்கு வேலை இல்ல. தம்பிக்காரனுக்கு மண்ணைப் பார்க்கச் சொல்லிக் குடுத்தான், கயித்தை எப்படிப் பிடிக்கணும்னும் சொல்லிக் குடுத்தான். ஒச்சனுக்கு இதைத்தானே சொல்லிக் குடுக்காம விட்டோம்னு அப்போல்லாம் அவன் நினைச்சுக்குவான். தண்ணி வந்தா யாரு கையில வந்துச்சோ அவங்களை முன்னால அனுப்பிருவான். மாலையோட யாராச்சும் இவன் பக்கம் வந்தா, கடைசி ஆளு இன்னும் மேல வரலைம்பான்.

அந்தக் கூட்டம் வெட்டுன எந்தக் கிணத்துலயும் அப்புறம் ஒருத்தருக்கும் ஒரு நகம் கூடப் பெயரல. அது சீமை பூராத் தெரிஞ்சுபோச்சு. எங்கெங்கருந்தோ சனம் தேடி வந்துச்சு. புள்ளைகளைக் கிணத்து வேலைக்கு அனுப்புற தாய்மாருங்க, மேல நிக்கிறது சன்னாசியான்னு கேட்டுட்டுத்தான் அனுப்புவாங்க. மாலை போட்டுக்கிட்டப்போ கிடைக்காத பேரு, அதை அவன் தேடாதப்போ வந்துச்சு. ஆனா அதைக் கேட்கிறப்போ அவனுக்குச் சிரிப்பு வராது.

தூங்கிட்டியா?

இல்ல. ஒச்சன் என்ன ஆனான்?

சொல்றேன். ஒரு வருஷம் ஒச்சன் ஊர்லயே தண்ணி வத்திப்போச்சு. இவங்கதான் போய் வெட்டுனாங்க. செவத்தி கையில தண்ணி வந்துச்சு. ஊரே அவளுக்கு மாலை போட்டுச்சு. சன்னாசி எல்லாரையும் மேல ஏத்தி விட்டுட்டு, முதக் குடத்துத் தண்ணியை ஒரு செம்புல எடுத்துக்கிட்டு ஒச்சன் வீட்டுக்குப் போனான். ஒச்சன் வேலை நடக்கிற இடத்துக்கு ஒரு நாள் கூட வந்து எட்டிப் பார்க்கல.

ஒச்சன் இடது கையால செம்பை வாங்கி மெதுவாக் குடிச்சான். சன்னாசி நின்னுக்கிட்டே இருந்தான். அடுத்த கிணத்துக்கு நானும் வந்து சும்மா பக்கத்துலயாச்சும் உட்கார்றேன் அண்ணேன்னு சொல்லிர மாட்டானான்னு பார்த்துக்கிட்டே இருந்தான்.

"நல்ல தண்ணி அண்ணே"ன்னான் ஒச்சன். செம்பைத் திருப்பிக் குடுத்தான். உள்ள போயிட்டான்.

அம்புட்டுத்தான்?

அம்புட்டுத்தான் கண்ணு.

சன்னாசி மேல கோவமா அவனுக்கு?

கோவம் இருந்தா அண்ணேன்னு கூப்பிடுவானா? கோவம் இல்ல. ஆனா கிணறுன்னா அவனுக்கு உசுரு. வெட்ட முடியாத கையை வச்சுக்கிட்டு அவன் எப்படி வந்து உட்கார்ந்து பார்ப்பான், சொல்லு.

சன்னாசி காலிச் செம்பைக் கையில வச்சுக்கிட்டு அந்த வாசல்ல கொஞ்ச நேரம் நின்னான். அப்புறம் வண்டிக்கு நேரமாச்சுன்னு போயிட்டான்.

அவ்வளவுதான், கதையில தண்ணி கண்டாச்சு, வெட்டுனவங்க எல்லாம் வீடு போயிட்டாங்க. நீயும் கண்ணை மூடு.

ம்...