யானை போட்ட வெள்ளத் திட்டம்

ஓடைக்கரைக் காட்டில் போன மழைக்குப் பல வளைகள் மூழ்கிவிட்டன. அதனால் இந்த முறை யானை ராஜா பெருங்காதன் முன்கூட்டியே ஒரு திட்டம் போட்டது.

"வெள்ளம் வந்தால் எல்லோரும் ஓடையைத் தாண்டி எதிர்க் குன்றில் ஏறிவிட வேண்டும்!"

புரட்டாசி வெயிலில் ஒத்திகையும் நடந்தது. வறண்ட ஓடையில் எல்லா விலங்குகளும் ஜோராக நடந்து குன்றில் ஏறின. "பிரமாதம், ராஜா!" என்று குதித்தது மந்திரி நரி.

துத்தி என்ற தாய் முயல் மட்டும் வறண்ட ஓடையையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. அதன் குட்டிகள் இன்னும் சரியாகத் தாவக்கூடப் பழகவில்லை.

"ராஜா, ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் நாங்கள் எப்படித் தாண்டுவது? கரையில் கிடக்கிற அந்த மருதமரத்தைக் குறுக்கே போட்டுவிடுங்களேன். உங்களுக்கு ஒரு தள்ளுதானே!"

"இந்த ஓடையா? போன வெள்ளத்திலேயே எனக்கு முழங்கால் அளவுதான் இருந்தது!" என்று சிரித்தது யானை.

"நல்ல நாளும் அதுவுமாக இப்படியா பேசுவாய்?" என்று அதட்டியது நரி.

துத்தி விடவில்லை. தினமும் போய்க் கேட்டது. "மழை வரட்டும், பார்க்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது யானை. வானம் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தது.

ஒரு மாலை மழை கொட்டித் தீர்த்தது. "கிளம்புங்கள்!" என்று பிளிறிக்கொண்டே யானை ஓடையில் இறங்கியது. அக்கரை சேர்ந்து திரும்பிப் பார்த்தது. பின்னால் ஒருவரும் இல்லை!

எல்லாம் இக்கரையிலேயே நடுங்கி நின்றன. "ஐயோ, எனக்கு நீச்சல் தெரியாதே!" என்று கதறியது நரி. அந்த மருதமரம் எல்லோர் கண்ணெதிரிலும் மிதந்து போனது.

"ராஜா! என் குட்டிகள்!" என்று அலறியது துத்தி.

அப்போதுதான் யானைக்கு உறைத்தது. பதறித் திரும்பி வந்தது. ஒவ்வொருவராகத் துதிக்கையால் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு, இக்கரைக்கும் அக்கரைக்குமாக நடந்தது. கடைசி நடையில் ஓர் அலை மோதியது. துத்தியின் கடைக்குட்டி வழுக்கி விழுந்தது. யானை துதிக்கையை நீட்டித் துழாவியது. தண்ணீர்தான் அகப்பட்டது.

குன்றின் மேல் யானை தலைகுனிந்து நின்றது. "என்னை மன்னித்துவிடு, துத்தி!"

துத்தி மிச்சக் குட்டிகளை அணைத்துக்கொண்டு விம்மியது. "மழை விட்டதும் வேறொரு மரத்தை ஓடைக்குக் குறுக்கே போடுங்கள், ராஜா. அடுத்த ஒத்திகையில் உங்களுக்கு முன்னால் என் குட்டிகளை நடக்கவிட்டுப் பாருங்கள்."

ஆபத்துக்குத் திட்டம் போடுகிறவர், தம் பலத்தை அல்ல, கூட்டத்தில் மிக எளியவரின் பலத்தை எண்ணியே அதைப் போட வேண்டும்.